பதினோரு ஒன்றுகளின் காவலர்

யுத்த காலத்தில் ஆவடிப் பக்கம் திடீரென்று முளைத்த சரக்குக் கிட்டங்கிகளில் ஒன்றுக்கு வீரராகவன் ஹெட் கிளார்க். லஞ்சம் தொடமாட்டார். கை ஓங்கமாட்டார். பொடிகூடக் கிடையாது. இவ்வளவு நல்ல குணங்கள் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் பாடு கஷ்டம்தான்.

அவருக்குச் சொந்தமாக ஓர் எண் இருந்தது. ஒன்று என்ற இலக்கத்தைப் பதினோரு தடவை வரிசையாக எழுதினால் வருவது: 11111111111. ஒன்றையும் இதையும் தவிர வேறெந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது, இது பகா எண் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கச் சிறிய பகா எண்களில் தொடங்கி ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவேண்டும். அவரா உட்கார்ந்து வகுப்பார்? ஆபீசுக்குத் தாமதமாக வந்தவன் வகுப்பான். அபராதம் இல்லை, திட்டு இல்லை. ஆளுக்கு ஒரு வகுத்தல். முன்பு இருந்த இரண்டு ஆபீஸ்களையும் சேர்த்துப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாயிரத்து நானூறு வகுத்தல்களுக்கு மேல் நோட்டில் ஏறிவிட்டன. எல்லாவற்றிலும் மீதி.

இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 22 ஆல் வகுக்க 1 தான் மிஞ்சவேண்டும். பகா எண்களில் அப்படிப்பட்டவை ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான். இது தெரிந்திருந்தால் பத்தில் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். தெரிந்திருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டார்.

கோவில்பதாகையிலிருந்து நடந்து வருகிற தேவராஜ் தற்காலிக குமாஸ்தா. அம்மா பொன்னியம்மா ஊரார் வயலில் நாற்று நட்டவள். அந்தக் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை அவனுடையது. மாதக் கடைசியில் ஹெட் கிளார்க் எழுதும் ஒரு வரியில் வேலை நிரந்தரமாகும், அல்லது போகும். அந்த மாதம் பார்த்து ஏரி நிரம்பி வழியை அடைத்துக்கொண்டது. பத்து நிமிஷம் தாமதம். அவனுக்கு விழுந்த எண் 21649.

சாயங்காலம் தாளை நீட்டினான். ஈவு 513239. மீதி பூஜ்யம்.

வீரராகவன் சிரித்தார். "வகுக்கச் சோம்பல், பூஜ்யம் போட்டுட்டே."

"இல்ல சார், மூணு வாட்டி போட்டேன். ரெண்டையும் பெருக்கிப் பாருங்கோ சார், தெரிஞ்சிரும்."

"உன் கணக்க நான் சரி பாக்கணுமா? போ."

வெளியே பியூன் கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா மாமே நீ! பன்னண்டு வருசமா ஒரு மன்சன் கட்டிக்கினு கீற கோட்டையில போயி பூஜ்யத்தப் போட்டுக்கினு வந்துகீறியே. ஒரு ஒண்ணு, ரெண்டு மிச்சம் வெச்சா உன் அப்பன் ஊட்டு சொத்தா பூடும்?"

"வரலியே அண்ணாத்தே. நான் இன்னா பண்றது?"

"வராங்காட்டி வரவெக்கணும். அதுக்குத்தான் படிச்சவன்னு பேரு."

மாதக் கடைசியில் வரி எழுதப்பட்டது: 'கணக்கில் நம்பத் தகாதவர்.' அந்த வரியோடு வேறெந்த ஆபீசிலும் ஏற முடியாது. தேவராஜ் திரும்பி வந்து மேஜை முன் நின்றான்.

"சார், ஒரே ஒரு வாட்டி பெருக்கிப் பாருங்கோ சார்."

"பாத்துட்டேன்."

"பாத்தீங்களா! பதினொரு ஒண்ணும் வந்துச்சா சார்?"

"வந்தது."

தேவராஜின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்த வரி, சார்..."

"அதனாலதான்யா எழுதினேன்."

இதைச் சொல்லும்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. நல்ல மனிதர். நோட்டில் 21649 க்கு எதிரே 'மீதி 7' என்று தம் கையாலேயே எழுதி மை ஒற்றினார்.

தேவராஜ் அதே கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனான். மூட்டைக்காரன் தாமதமாக வந்தால் வகுத்தல் கிடையாது. கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமை கோதண்டம் அரை மணி தாமதம். அவனுக்கு 21661. மரத்தடியில் ஒரு பீடி குடித்து முடித்துவிட்டு, வகுக்காமலே வந்து சொன்னான்: "மீதி நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு சார்."

"கெட்டிக்காரன்" என்று வீரராகவன் குறித்துக்கொண்டார்.