ரைட்டு என்ற ஒரு சொல்

ஜூன் மூன்றாம் தேதி முதல், முன்னறிவிப்பு ஏதுமின்றி, பயணிகள் ரயிலை எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் ஓடவிட்டது குற்றம். ‘நஷ்டம், தனியார் பேருந்து இருக்கிறது’ என்று பலகையில் காரணம் ஒட்டியது அதைவிடப் பெரிய குற்றம்.

இரண்டின் பாரத்தையும் சுமப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். தெருவில் அவருக்கு ‘லென்ஸ்’ என்று பெயர். கசங்கிய பயணச்சீட்டையும் தேதி எழுதி உறையிலிட்டு வைப்பவர். முழங்கால் அறுவை முடிந்த மனைவியை வாரந்தோறும் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறார். அரசு மானியத்தில் ஓடிய ரயில் ஆமையாகத்தான் ஊர்ந்தது. ஆனால் அவள் கம்பியைப் பிடித்து ஏறி உட்காரும்வரை கார்டு பச்சைக்கொடியை விரிக்கமாட்டார்.

பேருந்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பின்னால் போட்டி வண்டி ஹாரனை அலறவிட்டு வரும். நடத்துநருக்கு வசூலில் பங்கு. அன்று லென்ஸ் பின்படியில் முதலில் ஏறி மனைவிக்குக் கை கொடுத்தார். மறுகையில் கைப்பேசி. முதலாளி ஏதோ அவசர வேலை சொன்னார்.

“ரைட்டு முதலாளி, ரைட்டு!”

வண்டி சீறிக் கிளம்பியது.

மனைவியின் ஒரு கால் படியில், மற்றது தரையில். தரைக்கால் தார்ச்சாலையில் இழுபட்டது. அவள் விரல்கள் அவர் கைக்குள் வழுக்கின. யாரோ கூரையைத் தட்டினார்கள். வண்டி குலுங்கி நின்றது.

“ஏண்ணே, நீங்களே ரைட்டு குடுத்துட்டு நீங்களே முழிச்சா எப்படி?” என்றார் நடத்துநர். “சம்பளமில்லாம என் வேலையப் பாக்குறீங்களா?”

வீட்டில், சிராய்ப்பைத் துடைத்தபடி மனைவி சொன்னாள்: “கல்யாணமான நாள்லேர்ந்து என் பேச்சுக்கு ஒரு ரைட்டு சொன்னதில்ல. சொன்னீங்க பாருங்க ஒரு ரைட்டு!” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இனி பஸ்ல ஏறமாட்டேங்க. கால் மடங்கலேன்னா மடங்காமலே கெடக்கட்டும்.”

பயிற்சியை விட்டால் மூட்டு இறுகிவிடும் என்கிறார் மருத்துவர். தெருவில் ஹாரன் கேட்டாலே லென்ஸ் தேய்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிடுகிறார். வாயை அடக்காதது அவர் பிழை, மறுக்கவில்லை. ஆனால் வாய்தவறிய ஒரு சொல்லுக்கு ரயில் நகர்ந்ததில்லை என்பதை ரயில்வே நிர்வாகம் மறுக்குமா?

அடுத்த பயிற்சி வியாழக்கிழமை. அன்று ரயில் நிற்குமா? நிற்காதெனில், அவள் எதில், எப்படி ஏறவேண்டும்? வாய்மொழியாக எதுவும் வேண்டாம். ஒரு வாய்ச்சொல்லால் அவர் பட்டது போதும். புதன்கிழமைக்குள் எழுத்தில், கையொப்பமிட்டுப் பதில் தருக.