வாய் கோணிய பின் வந்த நாதம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசி மழையில் அரியலூரில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு ஊதிவிட்டு வந்தேன். மறுநாள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. முகவாதம். பாதி உதடு செத்துவிட்டது.

என் அப்பா கீழப்பழுவூரில் நாயனக்காரர். நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியை உதட்டால்தான் பிடிக்க வேண்டும், பல் பட்டால் பாவம் என்பார். அந்தப் பழக்கத்தோடு திருச்சி பேண்டு கோஷ்டியில் சேர்ந்தேன். அங்கே சாக்ஸபோனைக் கேட்ட அன்றே என் மனம் அதனோடு போய்விட்டது. அதையும் உதட்டால்தான் பிடித்து ஊதினேன். ஆள் முன்னால் பேசக் கூசுகிறவன் நான். ஊதும்போது மட்டும் கூச்சம் இருக்காது.

இப்போது ஊதினால் காற்றுதான் வந்தது.

"வாய் நேரானதும் சொல்லி அனுப்புங்க, அதுவரைக்கும் வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார் கோஷ்டித் தலைவர்.

குன்னத்தில் கூலிக்கு வெங்காயம் ஆயப் போனேன். கை வெங்காயத்தில் இருக்கும். விரல்கள் அதன் மேல் கல்யாணி வாசிக்கும். தூரத்தில் எங்காவது மேளச் சத்தம் கேட்டால் அம்மனை நினைத்துக் கும்பிடுவேன். தாயே, என் உதட்டைத் திருப்பிக் கொடு. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் அம்மனுக்கு வாய்க்கட்டு வேண்டுதல் உண்டு. வேப்பங்குச்சியை வாயில் கவ்விக்கொண்டு பேசாமல் கோயிலைச் சுற்ற வேண்டும். சித்திரைத் திருவிழாவில் நானும் குச்சியைக் கவ்வினேன்.

"ஏண்டி செல்லம்மா, பேசாத மனுசனுக்கு வாயக் கட்டுறது எதுக்குடி?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"எங்கிட்ட பேசற பேச்ச நீ கேட்டதில்லக்கா" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பயம். இந்த உதட்டில் குச்சி நிற்குமா? சுற்றினேன். விழவில்லை. சந்நிதிக்கு நேரே வந்தபோதுதான் உணர்ந்தேன். குச்சியைப் பிடித்திருந்தது என் உதடு அல்ல, பல். உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். "அப்பா, மன்னியுங்கள்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, சாக்ஸபோனின் முனையை வாயின் நல்ல பக்கமாக ஒதுக்கி, மேல்பல்லை அதன் மேல் பதித்தேன். ஊதினேன். முதலில் கரகரத்தது. பிறகு சட்ஜமம் நின்றது. கம்மிய குரல்தான். ஆனால் என் குரல்.

செல்லம்மா என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "நிறுத்தாதீங்க" என்றாள்.

தினமும் அப்படியே பழகி, அடுத்த தை மாதம் கோஷ்டிக்குத் திரும்பினேன். முகம் இன்னும் கோணல்தான். முன்பெல்லாம் எந்த ஊர்வலத்திலும் பின்வரிசையில் ஒளிந்து நின்று ஊதுவேன். இப்போது இந்த முகத்தோடு முன்னால் நிற்கிறேன். உதட்டைக் கேட்டேன், அது வரவில்லை. எதற்காக உதட்டைக் கேட்டேனோ, அதைத் தாய் கொடுத்துவிட்டாள்.

உங்களுக்கும் தீராத ஏக்கம் இருக்கும். அவளிடம் சொல்லுங்கள். எந்த வழியாகத் தர வேண்டும் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.