சந்திரன் முழங்காலுக்கு இறங்கும்வரை

எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார் எல்டன் ஸ்டோடர்ட். உழவர்களுக்கென்று வருடாவருடம் வெளியாகும் அந்த மெல்லிய பஞ்சாங்கத்தில் ஓர் அம்மண மனிதன் கைகாலை அகட்டி நிற்கிறான். தலையில் மேஷம், பாதத்தில் மீனம் என்று பன்னிரண்டு ராசிகளும் அவன் உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. எல்டனின் கட்டைவிரல் அவன் மார்பில் வந்து நிற்கிறது.

"சந்திரன் நெஞ்சுல இருக்கு. இப்பப் போய்த் தாய்கிட்டேர்ந்து கன்னைப் பிரிச்சா ரெண்டுக்கும் ஏக்கம் பிடிச்சிடும். முழங்காலுக்கு எறங்கட்டும். பதினோரு நாள்தான்."

"போன மாசமும் ஒரு தடவை எறங்குச்சே?" என்கிறார் அவர் மனைவி வெல்மா, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"அன்னைக்கு ஒரே புழுதி."

"அதுக்கு முந்தின மாசம்?"

"வெயில்."

அன்று நவம்பர் ஐந்து, திங்கட்கிழமை. நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் மற்ற எல்லாப் பண்ணைகளிலும் கன்றுகளுக்குப் பால் மறக்கடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஸ்டோடர்ட் பண்ணையில் மட்டும் ஏழு மாதத் தடியன்கள், தாயின் முக்கால் உயரத்துக்கு வளர்ந்தவர்கள், மடி எட்டாமல் முன்னங்காலை மடக்கி மண்டியிட்டு முட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்டன் வேறெதற்கும் அந்தப் பஞ்சாங்கத்தைத் திறந்தவரல்லர். புல்லறுக்க நாள் பார்ப்பதில்லை. காளைக்கன்றுக்குக் காயடிக்க நாள் பார்ப்பதில்லை. தம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட நாளில் சந்திரன் எங்கே இருந்தது என்று கேட்டால் முறைப்பார்.

இதே மனிதரைத் தீவனக் கடையில், காலை எட்டு மணிக் காப்பிக் கூட்டத்தில் பார்க்க வேண்டும். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, இளகிய மனசுக்காரர்களால் நாடு கெட்டுக்கொண்டிருப்பதை விளக்குவார். முக்கியமான எடுத்துக்காட்டு, பக்கத்துப் பண்ணைக்காரன் கஸ் பெக்கர். கஸ் வேலிக்கு இந்தப்பக்கம் கன்றுகளையும் அந்தப்பக்கம் தாய்களையும் விடுகிறவன். பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், குடிக்க முடியாது. நாலைந்து நாளில் இரு பக்கமும் ஓய்ந்துவிடும்.

"இவன் கன்னுக்குட்டிக்குப் பால்வாடி நடத்துறான்யா!" என்பார் எல்டன். "எங்கப்பா காலத்துல காலையில பிரிச்சா மத்தியானம் லாரியில ஏத்திடுவோம். மூணு நாள் கத்தும். நாலாம் நாள் அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது!"

"அந்த மூணு நாளும் நீங்க எங்க இருப்பீங்க, பெரியவரே?" என்று கஸ் பவ்வியமாகக் கேட்பான்.

கடை முழுக்கச் சிரிக்கும். பதில் எல்லோருக்கும் தெரியும். வருடத்தில் அந்த மூன்று நாள் பார்த்துத்தான் டிராக்டரில் ஏதோ ஓர் உதிரிபாகம் போய்விடும். அது இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஊரில் மட்டுமே கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுக்க இரண்டு இரவு விடுதியில் தங்க வேண்டியிருக்கும். இங்கே நூற்றைம்பது தாய்களும் நூற்றைம்பது கன்றுகளும் தொண்டை கட்டும்வரை கதறும். வெல்மா தனியாளாக முறிந்த வேலியைக் கட்டி, இருமுகிற கன்றுக்கு ஊசி போட்டு, தீவனம் தள்ளிக்கொண்டிருப்பார். நாலாம் நாள் எல்டன் உதிரிபாகத்தோடு வந்திறங்கி, "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்பார்.

அந்தக் கதறல் லேசானதல்ல. இந்த வட்டாரத்தில் இருபத்தாறு வருடம் மாட்டு வைத்தியம் பார்த்த எனக்கே அந்த வாரம் சாப்பாடு இறங்காது. தாங்க முடியாதவர் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. எல்டன் அதைத் தகப்பனார் பெயரில் வீரமாகவும், சந்திரன் பெயரில் சாஸ்திரமாகவும் மாற்றிக்கொண்டார். அதற்கான விலையை மாடுகள் கொடுத்தன.

குளிர்காலம் வருமுன் தலையீற்று மாடு உடம்பு தேற வேண்டும். அது தானும் வளர்கிறது, வயிற்றில் அடுத்த கன்றையும் சுமக்கிறது. மடியில் தடியன் ஒருவன் தொங்கினால் எங்கிருந்து தேறும்? போன வருடமும் இப்படித்தான் தள்ளிப்போட்டார். மார்ச் பனியில் ஏழு இளம் மாடுகள் படுத்தவை எழவில்லை. இந்த வருடத் தலையீற்றுகள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் பிறந்த அன்றே வெல்மா பொறுக்கி வளர்த்தது. சினை பார்க்கப் போனபோது முதுகைத் தடவினேன், எலும்பு கையில் குத்தியது. வியாழக்கிழமை பனிப்புயல் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

"பனி விழறதுக்குள்ள பிரிச்சாகணும், டாக்டர்," என்றார் வெல்மா. "இந்தத் தடவை ஒண்ணைக்கூடச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போய்ப் புதைக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை, சந்திரன் நெஞ்சில் இருக்கும்போதே, கஸ்ஸும் நானும் போனோம். கஸ் பாணியிலேயே பிரித்தோம். கன்றுகள் பழகிய புல்வெளியில், தாய்கள் வேலிக்கு அப்பால். உதிரிபாகம் எதுவும் உடையுமுன் காரியம் முடிந்துவிட்டதால் எல்டனுக்குப் போக்கிடமில்லை. தம் பிக்கப் வண்டியில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டை அலறவிட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வெல்மா மருந்து வாங்க டவுனுக்குப் போய், பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினார். வண்டியை விட்டு இறங்கியதும் ஒன்றும் கேட்கவில்லை. காற்றாலை மட்டும் கிரீச்சிட்டது. புல்வெளியில் நூற்றைம்பது கன்றுகளும் தத்தம் தாயின் மடியில் தொங்கிக்கொண்டு, வாயில் நுரை ஒழுக, வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

எங்களுக்குப் போன் போட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்டன் வாசலிலேயே செய்தியோடு நின்றார்.

"வேலிய முறிச்சிட்டு வந்துட்டாளுங்க! தாய்ப் பாசம்னா சும்மாவா?"

வெல்மா வேலியோரமாக நடந்தார். அரை மைல் நீளத்துக்கும் ஒரு கம்பி தொய்யவில்லை, ஒரு முள்ளில் ஒரு மயிர் சிக்கியிருக்கவில்லை. நடுவில் இருந்த கேட்டுக்கு வந்தோம். கேட் மூடியிருந்தது. சங்கிலி கொக்கியில் கச்சிதமாக மாட்டியிருந்தது.

"ஒரு மாடு கேட்டத் தெறந்திருக்கு, எல்டன்."

"தெறக்கும். மூக்கால நெம்பினா சங்கிலி கழண்டுக்கும்."

"தெறந்து, நூத்தம்பது பேரையும் உள்ள அனுப்பிட்டு, கடைசியாத் தானும் வந்து, திரும்பி நின்னு சங்கிலிய மாட்டியிருக்கு."

இந்த மணல்மேடுகளில் குழந்தைகள் பேசப் பழகுமுன்னே கேட்டை மூடப் பழகுகிறார்கள். கட்டிய மனைவியிடம் பொய் சொல்லலாம், பாதிரியாரை ஏமாற்றலாம். திறந்த கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு நடக்க இங்கே பிறந்தவனின் கைக்குத் தெரியாது. எல்லா மாடும் ஒரே பக்கம் வந்துவிட்ட பிறகு, யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காத அந்தக் கேட்டை, எல்டனின் கை அதுபாட்டுக்கு மூடிவிட்டு வந்திருந்தது.

கஸ் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். "மரியாதை தெரிஞ்ச மாடு, பெரியவரே! நல்லா வளத்திருக்கீங்க!"

எல்டன் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சுங்க, வெல்மா. கடைசியா ஒரு வாய்... ஒரே ஒரு வாய் குடிச்சுக்கட்டும்னு..."

தகப்பனாரைத் துணைக்கு அழைக்காமல் அவர் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

"கடைசி வாய் திங்கக்கிழமையோட முடிஞ்சுது," என்றார் வெல்மா. குரல் உயரவில்லை. "நீ இப்பக் குடுத்தது மறுபடியும் மொத வாய். நேத்துக் கத்தினதெல்லாம் வீண், இன்னிக்கு மொதல்லேர்ந்து கத்தணும். நாளைக்குப் பனி. இப்பவே பிரிக்கிறோம். கேட்டுல நீதான் நிக்கற."

"கஸ் நிக்கட்டுமே. எனக்கு இந்தத் தோளு..."

"நீதான் நிக்கற, எல்டன்."

ஒருமுறை ஏமாந்த மாட்டுக் கூட்டம் மறுநாளே அதே கேட்டை நெருங்காது. நானும் கஸ்ஸும் குதிரைமேல் சுற்றிச் சுற்றி வளைத்து மூலைக்குத் தள்ளவே இரண்டு மணி நேரம் பிடித்தது. அதன் பிறகு நடந்ததை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் எல்டனைப்போல் கேட்டில் நிற்க ஆளில்லை. கத்துவதில்லை, கம்பை ஓங்குவதில்லை. அரை அடி முன்னால் வைத்தால் கன்று நின்றுவிடும். அரை அடி பின்வாங்கினால் தாய் நழுவி அப்பால் போகும். முகவாயை லேசாகத் திருப்பியே தடியன்களைத் திருப்பி அனுப்பினார். நூற்றைம்பது ஜோடியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு மணி நேரம் கேட்கத் தாங்காத ஒன்றை ஒரு பிசிறில்லாமல் செய்யத் தெரிந்த மனிதரை என்ன சொல்வது?

இருபத்திரண்டு தலையீற்றுகளும் கடைசியாகப் போயின. வானம் ஈயம் மாதிரி கீழே இறங்கியிருந்தது. வேலியின் இரு புறமும் கதறல் மறுபடி முதல் தொண்டையிலிருந்து தொடங்கியது. விலா தெரிந்த ஒரு சிவப்பு மாடு மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்து, கேட்டின் கம்பிகளுக்கிடையே மூக்கை நுழைத்து, எல்டனின் முகத்துக்கு நேராகக் கத்தியது. அதன் மூச்சின் ஆவி அவர் மூக்குக்கண்ணாடியை மூடியது.

எல்டன் சங்கிலியை மாட்டினார். சட்டைப்பையிலிருந்து புல்கட்டுக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் கொக்கியோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். இடுப்பு உறையிலிருந்த கம்பிக் குறட்டை உருவி, வெறுங்கையால் யாரும் பிரிக்க முடியாதபடி முறுக்கினார். பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, குறட்டின் பிடியை வெல்மா நின்ற பக்கம் நீட்டினார்.