அம்மா தைத்த விண்வெளி ஓடம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் விண்வெளி ஓடத்தின் படத்தைப் போடலாம் என்று உறவினர் மூவர் கேட்டார்கள். போடவில்லை. காரணத்தை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சாத்தூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகி நல்லூருக்குக் குடிவந்தார். நான் பள்ளிக்குப் போகும் முன்பே அப்பா தவறிவிட்டார். அதன்பின் ஒரே பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்து என்னை மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தார். அவர் தைத்ததில் பிசிறு இருக்காது. முதலாளி கேட்டால் மறுக்கத் தெரியாது. இரண்டாவதை நற்குணம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலாளி வெளிநாட்டில், ஓய்வுபெற்றுக் காட்சிக்கு நிற்கும் விண்வெளி ஓடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். காங்கேயம் ரோட்டில் தம் ஷோரூம் வாசலில் லாரி நீளத்துக்கு அதேபோல் ஒன்று செய்யச் சொன்னார். நிஜ ஓடத்தின் மேல்பக்கம் வெப்பத்தைத் தடுக்கத் தைத்த போர்வைகள் உண்டாம். அதனால் இதற்கும் கண்ணாடி நார்த் துணி வந்தது. கண்ணுக்குத் தெரியாத முள்ளாக உதிரும் துணி. கையுறை வரவில்லை. உடன் வேலை செய்த நால்வர் தைக்க மாட்டோம் என்றார்கள். அம்மா பதினோரு நாள் தைத்தார். விரல் இடுக்கெல்லாம் தடித்துச் சிவந்து, ஒரு மாதம் ஸ்பூனில் சாப்பிட்டார்.

ஒருநாள் என் போனில் நிஜ ஓடம் கிளம்பும் காட்சியைப் பார்த்தார்.

"எல்லாரும் நெருப்பையே பாக்காங்க. அதத் தச்சவங்க கையில உறை போட்டிருந்தாங்களா, பாரு."

தேடினேன். நான் பார்த்த படங்களில் போட்டிருந்தார்கள். சொன்னதும், "அப்பச் சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிறுதோறும் ஷோரூம் வாசலில் கூட்டம். குழந்தைகளை இறக்கையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அம்மா முதலாளியிடம் வேலி கேட்டார்.

"வேலி போட்டா போட்டோ நல்லா வருமுங்களா அம்மிணி? தொட்டாத் தேஞ்சா போயிரும்?"

"தேயுறதப் பத்தி இல்ல மொதலாளி. புள்ளைக கையச் சொல்லுதேன்."

அவர் சிரித்தார். 'தொடாதீர்கள்' என்று நான் எழுதி ஒட்டினேன். மாலைக்குள் கிழித்துவிட்டார்கள்.

அம்மா மாரடைப்பில் காலமானார். அந்தத் துணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளும் என்னைக் கேட்டது ஒன்றுதான்: "வேலி போட்டாச்சா?"

பதினாறாம் நாள் காரியத்தில் சித்தப்பா ஒருவர், "மதினி தச்ச ராக்கெட்டு எங்க நிக்குதும்மா? புள்ளைகளோட ஒரு போட்டோ எடுத்திருதோம்" என்றார். நான் வழி சொல்லவில்லை. நீங்களும் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டிலிருந்து பாருங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: வார்டு செவிலியர்கள், வந்த உறவுகளுக்கு மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்கார அம்மா, அன்று தைக்க மறுத்த அந்த நால்வர். அம்மா போன பிறகு, குழந்தைகளின் கை எட்டும் உயரம்வரை அந்த நால்வரும் கெட்டிப் பனியன் துணியால் ஓடத்தைச் சுற்றித் தைத்து மூடினார்கள். படம் கெடுகிறதென்று ஷோரூம்காரர்கள் இரண்டு முறை பிரித்துப் போட்டார்கள். போன வாரம் நானும் சேர்ந்து மூன்றாம் முறையாகத் தைத்திருக்கிறோம். நான்காம் முறைக்கான துணியும் ஐந்து ஜோடிக் கையுறைகளும் என் வீட்டில் தயாராக இருக்கின்றன.