நிமிர்ந்து நிற்கிற சொல்

1. ஆளில்லாத முதல் நாள்

ஊர்காவற்றுறை ஜெட்டிக்குப் போகும் வழியில், ஒரு தேத்தண்ணிக் கடையின் முன்விறாந்தையில், அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவனாக நான் உட்கார்ந்த முதல் நாள் ஒருவரும் வரவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ரைப்ரைட்டரில் வெறுந்தாள் ஒன்றைச் செருகிவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தேன். வெயில் தண்ணீரில் பட்டு மினுங்கியது. நித்திரையா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை.

சும்மா இருப்பானேன் என்று, ஒன்றைத் தரும்படி கேட்பதற்கு ஆங்கிலத்தில் எனக்கு எத்தனை சொல் தெரியும் என்று அடித்துப் பார்த்தேன். ஆஸ்க், றிக்குவெஸ்ற், பெக், பிறே, டிமாண்ட். அகராதிக்காரன் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் போட்டிருப்பான். எனக்கோ அந்த அரைத்தூக்கத்தில் அவை ஆட்களாகத் தெரிந்தன. ஜெட்டியில் வரிசையாக நடந்து வந்தன. ஆஸ்க் நிமிர்ந்து நின்றது. றிக்குவெஸ்ற் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது. பெக் கையேந்தியது. பிறே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. டிமாண்ட் மேசையில் குத்தியது. இந்தக் கடைசி ஆளைக் கடைப்பக்கமே அண்டவிடக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

நாள் போகப்போக எனக்கென்று ஓர் ஒழுங்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எழுதினால் றிக்குவெஸ்ற். மாவட்ட நிர்வாகக் கந்தோரான கச்சேரிக்கு எழுதினால் பெக். கொழும்புக்கு என்றால் பிறே. அதிகாரியின் கதிரை உயர உயரச் சொல் குனியவேண்டும். அந்த ஒழுங்கில் ஆஸ்க் என்ற சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை.

2. பாக்கியம் அக்கா

அனலைதீவில் புகையிலைத் தோட்டம் செய்கிற குடும்பம் பாக்கியம் அக்காவுடையது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு பெட்டிசம் எழுதிக் கொடுத்திருந்தேன். தீவில் இருந்த மருத்துவிச்சி மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக ஒருவரை அனுப்பவேண்டும் என்பதுதான் கோரிக்கை. இரண்டுக்கும் ஒரே அச்சில் பதில் வந்தது. உங்கள் விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான்.

மூன்றாம் முறை வந்தபோது அவர் வாங்கில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"தம்பி, மகளின்ரை முதல் பிள்ளை வள்ளத்துக்கை பிறந்து, கரை காண முதலே செத்துப்போச்சு. இப்ப திரும்ப நாலு மாசம். மாரியிலைதான் பெறுவாள். வாடைக் காத்துக்கை வள்ளம் விடேலாது. நீர் முந்தி என்னெண்டு எழுதினனீர்?"

"மிகவும் தாழ்மையுடன் இரந்து கேட்கிறேன் எண்டுதான் அக்கா."

"இரக்கிறதோ? நான் என்ன பிச்சைக்கே வந்தனான்?"

"கச்சேரிக் கந்தோர் வழக்கம் அது."

"வேறை சொல்லு இல்லையே?"

இருக்கிறது என்று, முதல் நாள் நான் கண்ட ஆட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். புடைவைக் கடையில் துணி பார்க்கிறவர் போல நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறே வந்ததும் தலையை ஆட்டினார்.

"நான் விழுறது நயினாதீவு அம்மாளுக்கு முன்னாலை மட்டும். அந்த நிமிர்ந்து நிக்கிற சொல்லைப் போடும். எங்கடை தீவுக்கு மருத்துவிச்சி வேணும், கேக்கிறம். அவ்வளவும் காணும்."

நான் அடிக்கத் தொடங்கினேன். விரல் தன்பாட்டில் பெக் என்ற பழைய சொல்லையே அடித்தது. நிறுத்தவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "கேக்கிறம் எண்டு போட்டிருக்கு அக்கா" என்று சொன்னேன். அவர் தமிழில், எழுத்தெழுத்தாக, அவசரப்படாமல் தன் பெயரை எழுதி ஒப்பம் வைத்தார்.

அந்தப் பிள்ளை பிழைக்கவேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, இவன் மரியாதை தெரியாதவன் என்று கச்சேரியில் என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.

வாடை தொடங்க முதல் மருத்துவிச்சி வந்துவிட்டார். கார்த்திகை மழையில், தீவிலேயே, பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சுகம். கடல் அடங்கியதும் பாக்கியம் அக்கா ஓலைக் குட்டான் ஒன்றில் பனங்கட்டியோடு வந்தார்.

"பாத்தீரே தம்பி, நிமிர்ந்து நிண்டு கேட்டாலும் தருவினம்."

"ஓம் அக்கா" என்றேன். அந்தப் பனங்கட்டி எனக்கு இனிக்கவில்லை.

தீவு முழுக்க இந்தக் கதையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பிறகு வந்தவர்கள், "பாக்கியத்துக்கு எழுதின மாதிரி எங்களுக்கும் எழுதும்" என்று கேட்டார்கள். நானும் அப்படியே எழுதினேன். அதாவது, எல்லோரையும் கையேந்த வைத்தேன்.

3. கச்சேரிக் கிளார்க் சொன்னது

பத்து வருடத்துக்கு மேல் போயிருக்கும். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், அந்த நாளில் கச்சேரியில் எங்கள் பெட்டிசங்களைப் பிரித்த கிளார்க். பென்சன் எடுத்துவிட்டார். கதையோடு கதையாக, எங்கள் தாழ்மையான வணக்கமெல்லாம் அவருக்குப் பிடித்ததா, அனலைதீவுக்கு மருத்துவிச்சி கிடைத்தது அதனால்தானா என்று கேட்டேன்.

"ஆர் ஐசே அதை வாசிச்சது? எந்த ஊர், என்ன வேணும், அதுக்குக் கீழை ஒரு கோடு. அவ்வளவுதான். அனலைதீவுக்கு ஆள் போட்டது, மருத்துவிச்சிப் படிப்பு முடிச்ச பிள்ளை ஒண்டு அந்த நேரம் வந்தபடியால்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு மனிசியை ஒன்றுக்குமில்லாமல் கையேந்த வைத்துவிட்டேனே.

அடுத்தநாள் காலை வள்ளம் ஏறினேன். காற்றே இல்லை. அனலைதீவு தண்ணீருக்குமேல் மிதப்பது போலத் தெரிந்தது. நாங்கள் போகப்போக அதுவும் தள்ளிப் போகிறதோ என்று இருந்தது. போகாமலே இருந்துவிட்டால் நல்லது என்றும் ஒரு நினைப்பு வந்தது.

பாக்கியம் அக்கா புகையிலையை அடுக்கிச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கை நிற்கவில்லை. கட்டி முடித்த சிப்பத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"நான் உம்மட்டைச் சொன்னது கேக்கிறமெண்டு. ஒப்பம் வைச்சதும் அதுக்குத்தான். இரந்தது நீர் தம்பி, நானில்லை."

பிறகு, "இருந்து சாப்பிட்டிட்டுப் போம்" என்றார். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஆஸ்க் என்று எழுதிய பெட்டிசங்களில் சிலதுக்குக் கிடைத்தது, சிலதுக்குக் கிடைக்கவில்லை. முந்தியும் அப்படித்தான். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒப்பம் வைக்கிறவருடைய சொல்லை அடியுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயத்துக்குக் கீழே இன்னொருவரைக் கையெழுத்து வைக்கச் சொல்லாதீர்கள்.