அக்கா மாற்றிச் சொன்ன பக்கம்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அத்தான் என்னை எழுதச் சொன்ன பிறகும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட சில பொய்களை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது என்பதே காரணம். எழுதலாமா என்று இப்போதும் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா திருச்சி உறையூரில் பிறந்தவர். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். நூலகப் படிப்பு முடித்து, திருமணமாகி, அத்தானுடன் ஓமானின் சோஹாருக்குச் சென்றார். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா அங்குள்ள ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பாளரானார்.

அவர் சென்ற மூன்றாம் ஆண்டில் எங்கள் அப்பா மாரடைப்பால் காலமானார். வெளிநாட்டில் இருப்பவரிடம் சாவைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் கையில் போனைக் கொடுத்தார்கள். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, பயப்பட ஒண்ணுமில்ல, லீவு போட்டு வாங்கக்கா" என்றேன். அக்கா, அப்பாவுக்கென விமான நிலையத்தில் ஒரு சவரப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். தெருமுனையில் பந்தலைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. என்னை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரே ஒருமுறை சொன்னார்: "ஃப்ளைட்ல சிரிச்சிக்கிட்டே வந்தேன்டி. அதுதான் இன்னும் ஆறல."

என் கணவருக்கும் சோஹாரிலேயே வேலை கிடைத்ததால் நானும் அங்கே போனேன். மகள் யாழினி பிறந்தாள். நான் அலுவலகம் செல்ல, குழந்தை அக்காவிடம் வளர்ந்தாள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைச் சொல்லி யாரும் அவரிடம் பரிதாபப்பட முடியாது. பேச்சை மாற்றி நம்மைச் சிரிக்க வைத்துவிடுவார்.

பள்ளி நூலகத்தில் கழித்துக்கட்டிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அட்டை போய்விட்டது. அந்தக் காலத்து அமெரிக்காவில், கூண்டு வண்டியில் மாடுகளைப் பூட்டிக்கொண்டு மேற்கே புல்வெளிக்குக் குடியேறப் போகும் ஒரு குடும்பத்தின் கதை. அப்பா, அம்மா, ஒரு சிறுமி, அவள் தம்பி. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டுவார்கள். பனிப்புயலில் வழி தவறாமலிருக்க வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அக்கா தினமும் சில பக்கங்களைத் தமிழில் சொல்வார்.

"அவங்களுக்கு கஃபீல் யாரு பெரியம்மா?" என்று யாழினி ஒருநாள் கேட்டாள். நம்மை வேலைக்கு அழைத்து விசாவுக்குப் பொறுப்பேற்பவர்தான் கஃபீல் என்று அவளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

"கஃபீலும் மாஃபி, விசாவும் மாஃபி, ஒண்ணும் கிடையாது. அங்க முன்னாடியே இருந்த ஜனங்கள ஒரு வார்த்தை கேக்காமப் போய் உக்காந்துக்கிட்டாங்க. அது தப்புதான் குட்டி. ஆனா இந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? அப்பா வண்டில ஏறுன்னா ஏறணும்."

"நான் ஏற மாட்டேன். எனக்கு ஏசி வேணும்."

முதல் குளிர்காலத்தில் அந்தத் தம்பி காய்ச்சலில் இறந்துவிடுகிறான். அந்தப் பக்கம் வந்தபோது அக்கா சற்று நிறுத்தினார். பிறகு, "தம்பி லீவுல ஊருக்குப் போயிட்டான்" என்றார். எங்கள் கட்டடத்தில் யாராவது மாதக்கணக்கில் கண்ணில் படாவிட்டால் லீவில் போயிருக்கிறார் என்றுதான் சொல்வோம். குழந்தை ஏற்றுக்கொண்டாள். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

யாழினிக்கு ஏழு வயதானபோது அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அத்தானுக்கும் எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். ஊரில் அம்மாவிடம் அல்சர் என்றோம். திருச்சிக்குப் போய் சிகிச்சை எடுப்பதென்று முடிவானது. யாழினியிடம் நான் சொன்னேன்: "பெரியம்மா லீவுல ஊருக்குப் போறாங்க. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடுவாங்க."

மஸ்கட் விமான நிலையத்தில் அவள் தள்ளுவண்டியின் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். "பெரியம்மா போக வேணாம்! ஊருக்குப் போக வேணாம்!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவால் நிற்கவே முடியவில்லை. அடம் என்று நினைத்து அவள் கையில் அடித்துவிட்டேன். என்னை நானே மன்னிக்காத அடி அது.

அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவளை அருகே இழுத்தார். "ஏன்டி குட்டி? யாரு என்ன சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே அந்த புக்கைப் படிச்சேன். அந்தத் தம்பி லீவுல போகல. செத்துட்டான். நீங்கதான் மாத்திச் சொன்னீங்க."

நான் குறுக்கே புகுந்து எதையோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஆமா. நான் பொய் சொன்னேன்," என்றார். "உனக்கு அழுகை வரும்னு பயந்துட்டேன். இப்ப நெஜத்தைச் சொல்றேன். எனக்குப் பெரிய வியாதி. வைத்தியம் பாக்கத்தான் போறேன். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். இனிமே நான் மாத்திச் சொல்ல மாட்டேன். நீயும் ஒண்ணு செய்யணும். அந்தப் புக்கை மொதல்லேருந்து எனக்கு நீ படிச்சுக் காட்டணும். ஒரு வரி விடாம."

யாழினி கம்பியை விட்டாள். ஊர் போய்ச் சேர்ந்த அன்றே அக்கா அம்மாவிடமும் தானே உண்மையைச் சொல்லிவிட்டார்.

அன்றுமுதல் பள்ளிவிட்டு வந்ததும் வீடியோ அழைப்பு. யாழினி ஆங்கிலத்தில் படித்து, பாதித் தமிழில் விளக்குவாள். நடுவில் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். எனக்குப் பதறும். தம்பி இறக்கும் பக்கம் வந்த நாளில் வைஃபையை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். யாழினியின் குரல் தடுமாறியது.

"நிறுத்தாத. படி," என்றார் அக்கா.

படித்தாள். தரை உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியாமல் அந்த அப்பா வெளியே உட்கார்ந்திருக்கும் இடம் வரை படித்தாள்.

"பயமா இருக்கா குட்டி?"

"ம். உங்களுக்கு?"

"எனக்கும்தான். நாளைக்கு அந்தப் பொண்ணு என்ன பண்றாள்னு பாப்போம்."

இரண்டு அத்தியாயங்கள் மீதமிருந்தபோது, ஒரு காலைப்பொழுதில் அத்தானிடமிருந்து அழைப்பு வந்தது. யாழினி பள்ளியிலிருந்தாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. "ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் சொல்லலாம்," என்றார் என் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பள்ளிப் பேருந்து வரும்வரை கட்டட வாசலில் வெயிலில் நின்றேன். சொல்லலாம், வேண்டாம் என்று மனம் மாறிக்கொண்டே இருந்தது. அவள் இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மாவா?"

"ஆமா. செத்துப்போயிட்டாங்க."

பையைக் கழற்றாமலே நின்றாள். "இன்னும் ரெண்டு சாப்டர் இருக்கேம்மா," என்றாள்.

அன்று மாலை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சை எழுதவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாங்கள் ஊருக்குப் போன விமானத்தில் யாரும் சிரித்துக்கொண்டு வரவில்லை.

அக்காவின் கடைசி மாதங்களில் இரவும் பகலும் அருகிலிருந்த அத்தானுக்கும், மகளின் வலியைக் கண்ணெதிரே தாங்கிய அம்மாவுக்கும், எங்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்து, பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து, விமான நிலையம் வரை கொண்டுவிட்ட சோஹார் நண்பர்களுக்கும், மருத்துவமனையில் அக்காவுக்குத் தலைவாரிவிட்ட செவிலியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அச்சுக்குக் கொடுக்கும்முன் இக்கட்டுரையை யாழினி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் "இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதியிருந்தேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப அதையே எழுதும்மா," என்றாள். பெரியவர்கள் சிலருக்கு அடுத்த வரியில் வரும் சொல் கடுமையாகப் படலாம், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் அக்கா சென்ற ஆண்டு இதே நாளில், திருச்சியில், அம்மாவின் கையைப் பிடித்தபடி இறந்தார்.