பெட்டியைச் சுற்றி மட்டும் பெய்த மழை

அனல் மின்நிலையத்துத் தோட்டக்காரருக்கு மதிலுக்குள்ளே 'மழைராசா' என்று பட்டப்பெயர். காற்றின் தூசியை அளக்கும் பெட்டி ஒன்று அங்கே மதிலோரம் நிற்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அளவெடுப்பு. அன்று விடியல் முதல் அதைச் சுற்றிலும் குழாயால் நீர் தூவவேண்டும் என்பது மேற்பார்வையாளரின் வாய்மொழி ஆணை. ஈரத்தில் தூசி அடங்கும், எண்ணும் அடங்கும். செடிக்குத்தானே ஊற்றுகிறோம் என்று ஒன்பது ஆண்டுகளாகத் தம் நெஞ்சைத் தாலாட்டி உறங்கவைத்திருந்தார் அவர். இறைவன் திருமுன் கைகூப்பி நின்றபோதும் அந்தக் குழாய் அவர் நினைவுக்கு வந்ததில்லை.

மூன்றாம் கொதிகலன் கட்டலாமா என்று ஊராரைக் கேட்கும் கூட்டம் பள்ளி மண்டபத்தில் கூடியது. காற்றாலை போதும் என்றார் ஒருவர். காற்று படுத்துவிட்டால் மருத்துவமனை விளக்கை யார் ஊதி எரிப்பது என்றார் இன்னொருவர். அணை கட்டினால் பள்ளத்துத் தெரு மூழ்கும். நிலக்கரியோ நானூறு வீட்டு அடுப்பை எரியவைக்கிறது. எதைத் தொட்டாலும் ஒரு பக்கம் சுட்டது.

அப்போது எழுந்தவள் தோட்டக்காரரின் தங்கை, சலவைக்கடை வைத்திருப்பவள். காலையில் வெளுத்துக் காயப்போட்ட விரிப்பை, கூட்டத்தை நடத்திய அதிகாரியின் மேசைமேல் விரித்தாள். வெண்மையெங்கும் சாம்பல் பூத்திருந்தது.

"கரண்டு வேணாம்னு சொல்லலைங்க. என் இஸ்திரிப்பெட்டியும் அதுலதான் ஓடுது. இந்தத் தூசி எங்கேருந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதிகாரி ஒன்பது ஆண்டுகளின் முதல் திங்கட்கிழமை அளவுகளைப் பொறுமையாகப் படித்தார். ஒன்றுகூட வரம்பு தாண்டவில்லை. சோப்பை மாற்றிப் பார்க்கும்படி யாரோ அறிவுரை சொல்ல, மண்டபம் சிரித்தது. முன்வரிசை மேற்பார்வையாளர் திரும்பி, கூட்டாளியைப் பார்ப்பதுபோல், பின்வரிசையில் இருந்த தோட்டக்காரரைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

எழு என்றது தோட்டக்காரரின் நெஞ்சு. மகளுக்கு மின்நிலையத்திலேயே வாங்கித் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்த வேலை தோளைப் பிடித்து அழுத்தியது. அவர் எழவில்லை. தங்கை விரிப்பை நான்கு மூலையும் பொருந்த மடித்தாள்.

வாசலில், அதைத் தாம் சுமந்து வருவதாகக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"முதல் திங்கக்கிழமைன்னா நீ வெளுக்கப் போடுற பேண்ட்டுல முழங்கால் வரைக்கும் சேறு. ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. நீ எழுந்திருப்பேன்னு பார்த்தேண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள், குரலை உயர்த்தவும் இல்லை.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமையும் அவர் நீர் தூவினார். மாலையில் சேறு படிந்த பேண்ட்டை எந்த முகத்தோடு அவளிடம் கொடுப்பது? தாமே கசக்கிக் கொடியில் போட்டார். அது காய்வதற்குள் அதன்மேலும் சாம்பல் படிந்திருந்தது.